மாதங்கி பார்க்கப் போன கதவு

கண் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்து, இரண்டு நாளாகக் குசினி மேசையில் கிடந்தது. உறையைக் கிழித்தேன், பார்த்தேன், திரும்ப வைத்தேன். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் வாசிப்பேன். ஆங்கிலக் கடிதம் என்றால் மகன் மிதுலனுக்குப் படம் எடுத்து அனுப்புவேன். அவன் வேலைக்காக லீட்ஸுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு கடிதத்துக்கும் அவனைக் கரைச்சல்படுத்த மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை விரதம் எப்போது என்று பார்க்கக் கோயில் கலண்டருக்குக் கிட்டப் போனேன். பதினேழாம் திகதிக் கட்டத்துக்குள் பென்சிலால் சின்னதாகத் தமிழில் எழுதியிருந்தது: "கண் கிளினிக், காலை 10.20. கண்ணுக்கு மருந்து விடுவார்கள். இரண்டு மணித்தியாலம் பார்வை மங்கும்." கடிதம் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

எழுதியவள் எங்கள் வீட்டு மேல் அறையில் தங்கிப் படித்த மாதங்கி. எழுதியதாக அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினேழாம் திகதி காலை கோட்டைப் போட்டுக்கொண்டு படியால் இறங்கி வந்து, "எனக்கு இண்டைக்கு மத்தியானம்தான் லெக்சர் ஆன்ரி. நானும் அந்தப் பக்கம்தான் போறன்" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அவளுடைய பல்கலைக்கழகம் அந்தப் பக்கமே இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் மனோர் பார்க் கோயிலுக்கு வருகிற பலர் அவளைக் கண்டிருப்பீர்கள். தை மாதம் தொடங்கி ஆனி வரை வெள்ளிக்கிழமைகளில் என்னோடு வந்த மெல்லிய பிள்ளை, நீலக் கோட்டு, முதுகில் எந்நேரமும் ஒரு பை. வடமராட்சியில் கடல்நீரேரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறாள். ஒரு அரையாண்டு மட்டும் லண்டனில் வந்து படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. சுவிஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை கௌசிக்கு அவளுடைய தாயைத் தெரியும். கௌசி கேட்டாள், மிதுலனின் அறை வெறுமையாய்க் கிடந்தது, வரச் சொன்னோம்.

கோயிலில் அவள் கும்பிடுவது ஒரு நிமிடம். நான் முதலாம் சுற்று முடிக்குமுன் அவள் மண்டபத்தில் சப்பாணி கட்டி இருப்பாள்.

"இவ்வளவு கெதியா முடிச்சிட்டியோ பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் பின்னாலை எத்தினை பேர் நிக்கினம் ஆன்ரி. முருகனுக்கும் நேரம் வேணும்தானே" என்றாள்.

ஆனால் அன்னதானம் முடிந்து தரை துடைக்கும்வரை நிற்பாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் கேட்டார். அவள் மேசையில் தண்ணீர் கிளாஸையும் உப்புப் போத்தலையும் வைத்துக் காட்டினாள்.

"எங்கட வீட்டுக் கிணறு உவர் அங்கிள். அம்மா தேத்தண்ணி போட்டால் வெளியாக்கள் ஒரு வாய் குடிச்சிட்டு வைச்சிடுவினம். நாள்விட்டு நாள் தண்ணிப் பவுசர் வரும். நாங்கள் வாளியோட நிப்பம்."

அவளுடைய ஊரில் நீரேரி கடலோடு சேரும் இடத்தில் கதவுகள் வைத்த ஒரு சின்ன அணை இருக்கிறதாம். மழைத் தண்ணீரை உள்ளே மறித்து, கடல் தண்ணீரை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை. கதவு பழையது. எந்த நேரத்தில் திறப்பது, எந்த நேரத்தில் மூடுவது என்று சரியான கணக்கும் இல்லை. உப்பு உள்ளே வந்துவிடுகிறது. கடைசி வருடப் படிப்புக்கு அவள் எடுத்த விஷயம் அதுதான்.

"ஒல்லாந்திலை கடல் மேலை, நிலம் கீழை. அவங்களுக்கு இது நாளாந்த வேலை. அதைப் போய்ப் பாக்கோணும். அதுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததெண்டும் சொல்லலாம்" என்றாள்.

சித்திரை மாதம் அவளுடைய பேராசிரியர் நெதர்லாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் இருக்கும் ஒரு பெண் பொறியியலாளருக்கு எழுதினார். பதிலும் வந்தது. அங்கே வருடத்தில் ஒருநாள் எல்லாக் கதவுகளையும் ஒன்றாக இறக்கிச் சோதித்துப் பார்ப்பார்களாம். இந்த முறை ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. அவளை உள்ளே விட்டுப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதிப்பார்கள். அந்த ஒருநாள்தான். மாதங்கி அதைப் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பரீட்சைகள் முடிந்து ஊருக்குத் திரும்புமுன் பதினாறு நாள் விசாவில் ஐரோப்பா சுற்றிவர அவள் திட்டம் போட்டாள். பாரிஸ், சுவிஸ், ஜெர்மனி, வியாழக்கிழமை நெதர்லாந்து, பிறகு மூன்று நாள் பெல்ஜியம். எல்லா இடத்திலும் ரயிலும் ஹொஸ்டலும் தானே பதிந்தாள்.

பிழை விட்டது நான்.

அவளுடைய தாய் ஊரில் இருந்து போனில் அழுதா. "பொம்பிளைப் பிள்ளை தனிய ஹொஸ்டல் வழிய நிக்கிறதோ அக்கா?" என்றா. "யோசியாதேங்கோ, எங்கட ஆக்கள் எல்லா இடமும் இருக்கினம்" என்று சொல்லிவிட்டு அன்று முற்பகல் முழுக்கப் போனோடு இருந்தேன். பாரிஸில் என் அண்ணர் ஆனந்தராஜா. சுவிஸில் கௌசி. ஜெர்மனியில் டோர்ட்முண்டில் என் கணவரின் தங்கை தவநாயகி. நாங்களும் லண்டனுக்கு வருமுன் ஒன்பது வருடம் அந்த ஊரில் இருந்தவர்கள்தான். மூன்று வீட்டுக்கும் ஒரே கதைதான் சொன்னேன்: "உங்கட பிள்ளை மாதிரி நினையுங்கோ. என்ன வேலையெண்டாலும் சொல்லுங்கோ, நிண்டு செய்வாள்."

இப்படிச் சொல்லாமல் நாங்கள் ஒருவரை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதில்லை. அது ஒரு வாய்ப் பழக்கம்.

பின்னேரம் மாதங்கியிடம் சொன்னேன். அவள் போனை எடுத்துத் தான் பதிந்து வைத்ததைத் திறந்து பார்த்தாள்.

"அப்ப ஹொஸ்டல் எல்லாம் கான்சல் பண்ணோணுமோ ஆன்ரி?"

"ஓம் பிள்ளை. சொந்த வீடு இருக்க ஏன் அங்கை போய்?"

"சரி ஆன்ரி" என்றாள். சந்தோஷத்தில்தான் அவ்வளவோடு நிறுத்தினாள் என்று நான் நினைத்தேன்.

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் எனக்கு ஒருவரையும் தெரியாதபடியால் அந்த இரண்டு இடமும் தப்பின.

பாரிஸ் ஸ்டேஷனில் அண்ணர் தன் வான் வண்டியோடு நின்றார். அவளை நேரே தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குக் கூட்டிப்போய்த் தன் கடையைக் காட்டி, மரக்கறி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோனார். ஈபிள் கோபுரம் பார்க்க வேண்டும் என்றாளாம். "அது எங்கட பாத்ரூம் யன்னலாலை தெரியும். ஏறி நிண்டு பார்" என்றாராம் அண்ணர். கடைசிநாள் ரயிலுக்குப் போகும் வழியில் வானை நிறுத்தாமல் ஒருமுறை சுற்றிக் காட்டினார்.

சுவிஸில் இருந்து படம் அனுப்பினாள். நடுவில் அவள், இரண்டு பக்கமும் கௌசியின் குடும்பம், முன்னால் புட்டும் இடியப்பமும்.

"மலை எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

"சோபாவுக்குப் பின்னாலை இருக்கு ஆன்ரி" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை டோர்ட்முண்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். புதன் காலை அங்கிருந்து வெளிக்கிட வேண்டும். செவ்வாய் பின்னேரம் தவநாயகி எடுத்தாள். குரலில் ஒரே சந்தோஷம்.

"மச்சாள், நல்ல பிள்ளை ஒண்டை அனுப்பியிருக்கிறியள். வந்த கையோட பலகாரம் சுடக் குந்திட்டாள்."

அந்தச் சனிக்கிழமை தவத்தின் மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையான சாமத்தியவீடு. மண்டபம், நானூறு பேர், வீடியோ, எல்லாம் ஒழுங்கு. பிள்ளையை மண்டபத்துக்குள் அழைத்து வரும்போது முன்னால் தட்டுகள் வரவேண்டும். பழத்தட்டு, பூத்தட்டு, பலகாரத்தட்டு என்று பதினொன்று. நல்ல காரியத்துக்குத் தட்டு ஒற்றைப்படத்தான் வரவேண்டும். தட்டுத் தூக்க இருந்த ஒரு பிள்ளை படியில் விழுந்து காலில் கட்டுப் போட்டுவிட்டாளாம்.

"நான் யோசிச்சுக்கொண்டிருக்க முருகன் கொண்டுவந்து விட்ட மாதிரி இவள் வாசல்லை நிக்கிறாள். பதினொராவது தட்டு இவளுக்குத்தான். சாறி குடுத்தாச்சு, பிளவுஸும் அளவு எடுத்தாச்சு."

"தவம், அவள் வியாழக்கிழமை ஒல்லாந்துக்குப் போகோணும் எண்டவளெல்லே?"

"அதை விட்டிட்டன் எண்டவள். நான் கேட்டனான் மச்சாள். பரவாயில்லை எண்டுதான் சொன்னவள்."

போனை வைத்துவிட்டுப் பிரிட்ஜைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் வியாழன், பத்து மணி.

மாதங்கிக்கு எடுத்தேன். பின்னால் கிரைண்டர் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"என்ன பிள்ளை, போகேல்லையோ?"

"பரவாயில்லை ஆன்ரி."

"ஏன் பரவாயில்லை?"

"நான் நிண்டு எல்லாம் செய்வன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்களாம். தவம் ஆன்ரி அதை நம்பித்தான் இருக்கிறா. உங்களை நான் பொய்யாக்கக் கூடாதெல்லே."

பிரிட்ஜ் கதவில் இருந்த எழுத்தை இன்னொருமுறை பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அங்கை அந்த எஞ்சினியர் மனிசிக்கு என்ன சொன்னனீ?"

"வரேல்லை எண்டு மெயில் எழுதி வைச்சிருக்கிறன்."

"அனுப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை ஆன்ரி."

அந்த 'இன்னும் இல்லை' எனக்குப் போதுமாக இருந்தது. அவளைக் கேட்காமல் அவளை ஒரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது நான். வாய்ப் பழக்கத்தில் சொன்ன சொல் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே போய் விழுந்து கிடந்தது.

என் கணவரிடம் சொன்னேன். "உன்ர வாயாலை போனது, நீதான் திருப்பி எடுக்கோணும்" என்றார். "தவம் ஒரு மாதம் கதைக்கமாட்டாள். அது எனக்கு ஒரு ஓய்வுதான்" என்றும் சொன்னார். அவருக்குத் தங்கை, பகிடி விடலாம். எனக்கு அப்படியில்லை. கலியாணம் முடித்த இருபத்தெட்டு வருடத்தில் நான் அந்த வீட்டு ஆட்களோடு ஒரு எதிர்க்கதை கதைத்ததில்லை.

புதன் காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத் தவத்துக்கு எடுத்தேன்.

"தவம், கோவியாதை. அந்தப் பிள்ளையை விடு. அவளைக் கேளாமல் நான் சொன்ன சொல்லு அது. பிழை என்னிலைதான்."

"இப்ப சொல்லுறியளே மச்சாள்? சனிக்கிழமை பங்சன். பத்துத் தட்டோட சபையிலை வந்து நிக்கிறதோ? என்ர மாமி ஆக்கள் வீடியோவை நிப்பாட்டி எண்ணுவினம்."

"அப்ப ஒண்டைக் குறை. ஒன்பதாக்கு."

"எதைக் குறைக்க? பழத்தையோ, பலகாரத்தையோ? நீங்களே சொல்லுங்கோ. லண்டனிலை இருந்து வந்து ஒரு தட்டுத் தூக்க உங்களுக்கு ஏலாது. அனுப்பின பிள்ளையையும் திருப்பிக் கேக்கிறியள்."

"அவள் இதைப் பாக்கத்தான் வந்தவள் தவம். வருசத்திலை ஒருநாள்தான் அந்தக் கதவை மூடிப் பாப்பினமாம்."

"கதவு மூடுறதைப் பாக்கவோ? எங்கட வீட்டிலை ஏழு கதவு கிடக்கு, நாள் முழுக்க மூடித் திறந்து காட்டுறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அப்போது பின்னால் ஜதுர்ஷிகாவின் குரல் கேட்டது.

"அம்மா, பங்சன் எனக்கோ, அப்பம்மாக்கோ? அக்கா போகட்டும்."

"நீ வாயை மூடிக்கொண்டு குந்து. மஞ்சள் காயேல்லை."

"அக்கா ராத்திரி முழுக்க அந்த மெயிலைத்தான் பாத்துக்கொண்டிருந்தவா. நான் கண்டனான்."

போனில் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தவம் சொன்னாள்:

"போகச் சொல்லுங்கோ. ஆனா ரெயிலுக்குச் சோறு கட்டிக் குடுக்க நான் இல்லை."

மத்தியான ரயிலுக்கு மாதங்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டதும் தவம்தான். பையில் இரண்டு நாளுக்குப் போதுமான புட்டும், பொரித்த மீனும், கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தனவாம். குழம்பு ரயிலில் ஊற்றுண்டு ஒரு ஜெர்மன்காரருடைய பத்திரிகை முழுக்க மஞ்சளாகிப் போனது. அந்த மனுஷன் அதைக் கோபிக்காமல், மணத்துக்கு ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

வியாழன் பதினொரு மணிபோல எனக்கு ஒரு வீடியோ வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர். மூன்று மாடி உயரத்தில் ஒரு இரும்புக் கதவு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. சத்தம் ஒன்றும் இல்லை. தண்ணீரைத் தொட்டதும் ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டே இருக்க, மற்றப் பக்கம் அசையாமல் நின்றது. கோயில் நடை சாத்தும்போது கும்பிட்டுக்கொண்டு நிற்பது போல நானும் குசினியில் நின்று பார்த்தேன்.

பிறகு அவள் சொன்னாள்: அந்தப் பொறியியலாளர் அம்மா அவளுடைய ஊர் அணையைப் படம் கீறிக் காட்டச் சொன்னாவாம். கீறிக் காட்டியதும், இதே கரைச்சல் எங்களுக்கும் இருந்தது என்றாவாம். கதவின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் கதவு மூடியிருந்தும் உப்பு வரும். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே ஒரு ஆள் ஒவ்வொரு நாள் காலையும் கதவுக்கு உள்ளே தண்ணீரின் உப்பை அளந்து எழுதுகிறார். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

"அந்தப் பெரிய கதவு எங்களுக்கு இப்போதைக்கு வராது ஆன்ரி. ஆனா அளந்து எழுதுறதுக்கு ஒரு கருவியும் ஒரு கொப்பியும் போதும். அதை நான் போன உடனை தொடங்கலாம்."

திட்டப்படி இதோடு அவள் பெல்ஜியத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த மூன்று நாள்தான் யாருடைய வீடும் இல்லாமல் அவளுக்கென்று இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தவம் எடுத்தாள்.

"மச்சாள், வாசல்லை ஆர் நிக்கிறது எண்டு பாருங்கோ" என்று போனைத் திருப்பினாள். நீலக் கோட்டோடு மாதங்கி.

"போன காரியம் முடிஞ்சுது ஆன்ரி. சனிக்கிழமை எனக்கு வேலையொண்டும் இல்லை" என்றாள் அவள்.

சனிக்கிழமை பதினொரு தட்டும் வந்தன. கடைசியில் அவள், பலகாரத்தட்டோடு. அவசரத்தில் தைத்த பிளவுஸ் பெரிதாகிவிட்டது, ஊசி குத்தித்தான் நின்றது என்று படத்திலேயே தெரிந்தது. தவத்தின் மாமியார் எண்ணினாவா என்று கேட்டேன். "இரண்டு தரம்" என்றாள் தவம். என் கணவர் சொன்ன மாதிரி ஒரு மாதம் இல்லை, ஒரு நாள்கூட அவள் என்னோடு கதைக்காமல் இருக்கவில்லை.

திங்கட்கிழமை லண்டனுக்கு வந்ததும் மாதங்கியிடம் கேட்டேன்.

"நான்தானே உன்னை விடுவிச்சனான். ஏன் திரும்பிப் போனனீ?"

"நீங்கள் எனக்காக அவவோட சண்டை பிடிச்சனீங்கள். நான் அதை அப்பிடியே விட்டிட்டு பிளேன் ஏறினா, நீங்கள்தானே அதோட இருக்கோணும்" என்றாள்.

"பெல்ஜியம் போகேல்லை எண்டு கவலை இல்லையோ?"

"ஓம், கவலைதான் ஆன்ரி" என்றாள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

ஊருக்குப் போகும் அன்று காலை கோயிலுக்குப் போனோம். அன்றைக்கும் ஒரு நிமிடம்தான். பெட்டியை நிறுத்துப் பார்த்ததில் இரண்டு கிலோ கூடிவிட்டது. தாய்க்கு நான் வாங்கிய சாறியை எடுக்கவிடாமல், தன் சப்பாத்தையும் இரண்டு புத்தகத்தையும் எடுத்து என் அலுமாரியில் வைத்துவிட்டாள். ஹீத்ரோவுக்குப் போகும் வழியில், புரட்டாதியில் அவளுடைய அறைக்கு வர இருக்கும் மட்டக்களப்புப் பிள்ளை கோசிகாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பிள்ளையும் ஐரோப்பா சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறதாம், இப்போதே அண்ணருக்குச் சொல்லி வைக்கலாம் என்று யோசிக்கிறேன் என்றேன். மாதங்கி கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் கணவர் கார் நிறுத்தப் போய்விட்டார். வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். திருநீறு பூசிவிட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி சொன்னாள்:

"கோசிகா வந்தா, ஆருக்கும் போன் எடுக்க முதல் அவளிட்டை ஒருக்காக் கேளுங்கோ ஆன்ரி, நீ என்ன பாக்க வந்தனீ எண்டு. கேட்டிட்டு எடுங்கோ. எடுக்காமல் மட்டும் விட்டிடாதேங்கோ. தனிய இருந்து சாப்பிடுறதும் கஷ்டம்தான்."